பொத்திய கையா, விரித்த கையா?

எங்கள் ஆஸ்பத்திரியின் சத்திரசிகிச்சை கிளினிக்கிற்கு இப்போது ஸ்கேன் பெட்டி ஒன்று வந்திருக்கிறதாம். கையில் கட்டியோடு வருகிறவரின் உள்ளங்கையில் வழவழப்பான ஒரு களியைப் பூசி, ஒரு கருவியை வைத்து மெல்ல நகர்த்தினால் போதுமாம். உள்ளே இருப்பது நீரா, சதையா, முள்ளா என்பது திரையில் தெரிந்துவிடுமாம். என்னோடு பல வருஷம் வேலை செய்து இப்போது ஒப்பரேசன் தியேட்டரைப் பொறுப்பெடுத்திருக்கும் தர்சினி போனில் இதைச் சொல்லிவிட்டு, "உங்கட காலத்தில இதொண்டும் இல்லாம எப்பிடி அக்கா வெட்டினீங்க? சும்மா ஊகத்திலயா?" என்று கேட்டாள்.

ஊகத்தில்தான் வெட்டினோம். ஆனால் அந்த ஊகத்திற்கும் ஒரு முறை இருந்தது. அதை எழுதித் தாருங்கள், புதுப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறேன் என்றாள். ஓய்வு பெற்றவளுக்கு வேலை கொடுத்தால் விடுவாளா? எழுத உட்கார்ந்துவிட்டேன்.

என் தாதிப் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெள்ளை உடுப்பு கசங்கக் கூடாது, வீண் கேள்வி கேட்கக் கூடாது என்ற இரண்டையும் வருஷக்கணக்காகப் படிப்பித்தார்கள். முதலாவது எனக்கு ஓரளவு வந்தது. இரண்டாவது வரவே இல்லை. மூடிய எதைக் கண்டாலும் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வார்ட்டுகளில் இந்தக் குணத்தால் பேச்சு வாங்கிக்கொண்டிருந்த என்னை ஒருநாள் தியேட்டருக்கு மாற்றினார்கள். எலிக்குத் தேங்காய்க் கடை கிடைத்த மாதிரி ஆயிற்று.

அங்கேதான் நாங்கள் 'சேர்' என்று கூப்பிடும் சத்திரசிகிச்சை டொக்டர் இருந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மெலிந்த உயரமான மனிதர். கொஞ்சக் காலத்துக்கென்று மட்டக்களப்புக்கு மாற்றலாகி வந்து, வாவி மீனில் ருசி கண்டு தங்கிவிட்டார் என்று நாங்கள் கேலி செய்வோம். பிறகு என்பதற்கு அவர் சொல்லும் "பேந்து" எங்களுக்குச் சிரிப்பு, எங்களுடைய "மறுகா" அவருக்குச் சிரிப்பு. சத்திரசிகிச்சை நடக்கும்போது குரலை உயர்த்த மாட்டார். கோபம் வந்தால் கையை நீட்டியபடி அப்படியே நிற்பார். எந்தக் கருவி வேண்டும் என்று சொல்ல மாட்டார். நாங்களே யோசித்துக் கொடுக்க வேண்டும். அதைவிடத் திட்டியிருக்கலாம் என்று தோன்றும்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. கட்டி எதையும் வெட்டுவதற்கு முன்னால், தியேட்டரில் நிற்கிற எல்லாரும் உள்ளே என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டும். இளம் டொக்டரும் சொல்ல வேண்டும், நானும் சொல்ல வேண்டும், தள்ளுவண்டி தள்ளும் ஓடலி அழகையா அண்ணனும் சொல்ல வேண்டும்.

"கண்டாப் பிறகு எல்லாரும் கெட்டிக்காரர்தான். காண முன்னம் சொல்லுங்கோ பாப்பம்" என்பார்.

பிழையாகச் சொன்னால் பேச்சில்லை. ஏன் அப்படி நினைத்தாய் என்று கேட்கும்போது காரணம் சொல்லத் தெரியாவிட்டால்தான் அந்த நீட்டிய கை மௌனம் வரும். அழகையா அண்ணன் எதற்கும் "சீழ்" என்றே சொல்லுவார். காரணம் கேட்டால், "நாத்தம் வந்தா நாந்தானே சேர் கழுவுறது. கூடாததையே நினைச்சிட்டு வந்தா மனசு நோகாது" என்பார். சேர் அதை நியாயமான காரணமாக ஏற்றுக்கொண்டார்.

ஒருமுறை வவுணதீவுப் பக்கமிருந்து ஒருவர் வந்தார். வாவியில் இடுப்பளவு தண்ணீரில் நின்று, சேற்றைக் கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறவர். மணிக்கட்டிலிருந்து உள்ளங்கை வரை மெத்தென்று வீங்கியிருந்தது. அமத்தினால் ஒரு பக்கம் தாழ்ந்து மறுபக்கம் எழும்பியது. எப்போதோ கெளுத்தி முள் குத்தியதாம். இளம் டொக்டர் நீர்க்கட்டி என்றார், நான் முள் என்றேன், அழகையா அண்ணன் வழக்கம்போலச் சீழ் என்றார். சேர் தசைநாரின் உறையைக் கீறியதும் வெள்ளை மணிகள் பொலபொலவென்று கொட்டின. பச்சரிசிக் குறுணல் என்று சொன்னால் நம்பலாம். ஒரு கிண்ணம் நிறைய எடுத்தோம். தண்ணீரில் இருக்கும் ஒரு கிருமி முள்ளோடு உள்ளே போய், உறை புண்ணாகி, அதில் கழன்ற துணுக்குகள் விரல் அசைய அசைய உருண்டு மணியாகிவிடுகின்றன என்று சேர் விளக்கினார். அந்த மனிதர் மாதக்கணக்கில் மருந்துக் குளிசை குடித்துச் சுகமாகி மீண்டும் வாவிக்குப் போனார். அழகையா அண்ணன்தான் அன்று மத்தியானம் சோற்றுப் பார்சலைத் திறந்துவிட்டு மூடி வைத்தார்.

சேரின் இரண்டாவது வழக்கம் ஒரு கேள்வி. கையில் வெட்டோ குத்தோ பட்டு யார் வந்தாலும், "பட்ட நேரம் கை பொத்தியிருந்ததோ, விரிச்சிருந்ததோ?" என்று கேட்பார். இது என்ன கேள்வி என்று நான் வெகுநாள் யோசித்தேன். காத்தான்குடிப் புடவைக்கடைப் பையன் ஒருவனால்தான் விளங்கியது. பொதிக் கயிறு அறுக்கும்போது கத்தி வழுக்கி, அதைப் பிடித்திருந்த கைக்குள்ளேயே ஓடிவிட்டது. விரல் மடங்கவில்லை. இளம் டொக்டர் காயத்தை விரித்துத் தேடினார். தெரிந்த தசைநார் முழுசாக இருந்தது. அறுந்த இடத்தைக் காணோம். சேர் வந்து, "கத்தியைப் பொத்திப் பிடிச்சிருந்தவன் அல்லோ" என்றபடி விரலை உள்ளங்கையை நோக்கி மடக்கினார். அறுந்த நுனி உள்ளே ஊர்ந்து வந்து காயத்தின் வாயில் எட்டிப் பார்த்தது.

தோல் நின்ற இடத்தில் நிற்கும், உள்ளே இருக்கும் தசைநார் விரலோடு சேர்ந்து ஓடும். பொத்திய கையில் காயம் பட்டு, பிறகு கையை விரித்தால் உள்காயம் விரல் நுனிப் பக்கம் போய்விடும். விரித்த கையில் பட்டதென்றால் இரண்டும் ஒன்றுக்கு நேரே இருக்கும். அன்று வீட்டுக்குப் போய், என் சொந்தக் கையைப் பொத்தியும் விரித்தும் பார்த்துக்கொண்டே இருந்தேன். என்ன பிடித்தது உனக்கு என்று என் வீட்டுக்காரர் கேட்டார்.

பிறகு சுனாமி வந்தது, அதன் பின்னால் மறுபடி சண்டை வந்தது. ஊகிக்கும் விளையாட்டு மெல்லச் சுருங்கிப் போயிற்று. வாவிக்காரர் என்றால் முள், இடம்பெயர்ந்தவர் என்றால் ஷெல் துண்டு. வேறு எதையும் யோசிக்க எங்களுக்கு மனமில்லாமல் போய்விட்டது. பெரும்பாலும் சரியாகவும் இருந்தது, அதுதான் கெடுதி.

சுனாமி வந்து மூன்றாம் வருஷம், வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைச் சனம் சண்டைக்குத் தப்பி வாவியைக் கடந்து இந்தப் பக்கப் பாடசாலைகளிலும் கொட்டில்களிலும் வந்து கிடந்த காலம். அப்போது கிளினிக்கிற்கு ஜெசிந்தா வந்தாள். முப்பது வயது இருக்கும். வலது மோதிர விரலின் அடியில், உள்ளங்கைக்குள் ஒரு கட்டி. விரல் பாதி மடங்கும், பிறகு சிக்கி நிற்கும். முகாமில் பன் என்ற கோரைப் புல்லில் பாய் இழைத்து விற்று, தானும் தாயும் சாப்பிடுகிறார்கள். பன்னை இழுத்து இறுக்க அந்த விரல் வேண்டும்.

"ஏதும் குத்தினதோ? வெட்டினதோ?" என்று சேர் கேட்டார்.

"ஒண்டும் இல்ல டொக்டர். தானா வந்த."

எக்ஸ்ரேயில் மயிரிழை போல ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. இளம் டொக்டர் என் பக்கம் குனிந்து, "ஷெல் துண்டு, மிஸி" என்றார். மெதுவாகத்தான் சொன்னார், ஆனால் ஜெசிந்தாவின் காதில் விழுந்துவிட்டது. உடம்பிலிருந்து இரும்பு எடுத்தால் பொலிசுக்கு அறிவிக்க வேண்டும். எங்கே இருந்தாய், எப்படிப் பட்டது, யாரோடு நின்றாய் என்ற கேள்விகள் வரும். அந்த நாட்களில் அந்தக் கேள்விகள் ஒரு ஆளை எங்கே கொண்டுபோய் விடும் என்று யாராலும் சொல்ல முடியாது. அவள் கதிரையிலிருந்து எழும்பிவிட்டாள்.

"எனக்கு ஒப்பரேசன் வேணாம்."

சேர் வற்புறுத்தவில்லை. என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு, உன் வாயை இப்போது பயன்படுத்து என்று அர்த்தம்.

கை கழுவும் தொட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். கட்டியைச் சுற்றிச் சவர்க்காரம் போட்டுப் பார்க்கிறேன் என்று சொல்லிக் கையை நீட்டச் சொன்னேன். இடது கையை நீட்டினாள். அது இல்லை, மற்றக் கை என்றேன். தயங்கித்தான் தந்தாள். நான் பிடித்ததும் அந்தக் கை விறைத்துப் போயிற்று.

"நோகுதா புள்ள?"

"இல்ல மிஸி. இந்தக் கைய நான் ஒருத்தருக்கும் குடுக்கிறல்ல."

"ஏங்கா?"

தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பார்த்தபடியே சொன்னாள். "இந்தக் கைதான் மிஸி எண்ட புள்ளய விட்ட."

கல்குடாப் பக்கக் கடற்கரை வீடு. நத்தாருக்கு, அதாவது கிறிஸ்மசுக்கு, மறுநாள் காலை, சுனாமி வந்த அன்று. ஐந்து வயது மகள் ஷாமினியை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறாள். "தண்ணி கறுப்பா வந்திச்சி மிஸி. கைய புடிச்சிருந்தன், அது நல்லா ஞாபகம். மறுகா ஒண்டும் தெரியா. கண்ண முழிச்சா வேலிக் கம்பில கிடக்கன், கை வெறுங்கையா இரிக்கி. மாமி ஆக்கள் சொன்னாங்க, பெத்தவளே கைய விட்டா கடல் எடுக்காம என்ன செய்யும் எண்டு. அவரும் அதக் கேட்டுட்டு அவங்களோடயே போயிற்றார். அவங்க சொல்றது பொய்யெண்டு சொல்லவும் எனக்குத் தெரியாதே."

அதன் பிறகுதான் வவுணதீவில் தாயின் வீட்டுக்கு வந்தாள். பிறகு அங்கிருந்தும் ஓட வேண்டியதாயிற்று.

"விட்ட கைக்கு வந்த கட்டி மிஸி. கிடக்கட்டும்."

எனக்கு அந்த மாமியார் மீது வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. ஆனால் கோபம் கட்டியைக் கரைக்காது. "விரல் சிக்கிப் போனா பாய் இழைக்க ஏலா. அம்மாக்கு என்னத்தக் குடுப்பாய்?" என்று மட்டும் கேட்டேன். அதற்குத்தான் அவள் இணங்கினாள். ஈரம் துடைக்கும்போது கட்டியின் மேல் தோலில் ஒரு மெல்லிய வெள்ளைத் தழும்பைக் கண்டேன். இது எப்போது பட்டது என்று கேட்டேன். "அண்டைக்கு ஒடம்பெல்லாம் காயம்தானே. எது எதால எண்டு ஆரு கண்ட?" என்றாள். சேரிடம் தழும்பையும் சொன்னேன், கதையையும் சொன்னேன். தலையாட்டினார்.

சத்திரசிகிச்சை நாளில் கையை மட்டும் விறைக்கப் பண்ணினார்கள். அவள் விழித்திருந்தாள். முகத்துக்கும் கைக்கும் நடுவில் ஒரு பச்சைத் துணித் திரை. விரல் நுனியிலிருந்து மேல்நோக்கி இறப்பர் பட்டையைச் சுற்றி இரத்தத்தை மேலே தள்ளி, மேற்கையில் காற்றுப் பட்டையை இறுக்கினோம். அது அதிக நேரம் இறுகியிருக்கக் கூடாது, இனி நேரத்தை நான் கவனித்துச் சொல்ல வேண்டும். நோயாளி விழித்திருந்தால் ஊகம் சொல்லும் வழக்கம் கிடையாது. அன்று சேர் கத்தியை வாங்காமல் திரைக்கு மேலால் குனிந்தார்.

"தங்கச்சி, உள்ளுக்க என்ன இருக்குமெண்டு நீங்கள் நினைக்கிறியள்?"



"பாவம்தான் இரிக்கும் டொக்டர்."

அழகையா அண்ணன் வாசல் பக்கம் திரும்பிக்கொண்டார். சேர் கையை நீட்டினார். இந்தமுறை எனக்கு யோசிக்க வேண்டியிருக்கவில்லை, கத்தியைக் கொடுத்தேன்.

உள்ளங்கையின் ரேகைகளைக் குறுக்கே அறுக்காமல், கோணல் கோணலாகக் கீறினார். தோலை மடித்து நூலால் பிடித்தோம். விரலுக்கு இரு பக்கமும் ஓடும் நரம்புகளை ஒதுக்கினார். நடுவில் புளியங்கொட்டை அளவில், தசைநார் உறையோடு ஒட்டிக்கொண்டு அந்தக் கட்டி. அவசரமில்லாமல் சுற்றிவரச் சுரண்டிப் பிரித்து முழுசாக எடுத்துக் கிண்ணத்தில் வைத்து, அதைக் கீறினார். தடித்த மஞ்சள் களி வெளியே வந்தது. அதற்குள் ஏதோ கத்தி நுனியில் பட்டு 'கிண்' என்றது.

இளம் டொக்டர் என்னைப் பார்த்தார். நானும் இரும்பு என்றுதான் நினைத்தேன்.

சேர் அதை இடுக்கியால் எடுத்து, உப்புநீரில் அலசி, வெள்ளைத் துணியில் வைத்தார். கண்ணாடி. நெல்மணி நீளம்தான் இருக்கும்.

"போத்தல்" என்றார் அழகையா அண்ணன், முதன்முறையாகச் சீழை விட்டுவிட்டு.

"போத்தல் இவ்வளவு மெல்லிசா இராது" என்றார் சேர். "ஒரு பக்கம் உருண்டை. வளைஞ்சும் இருக்கு. இஞ்ச பாருங்கோ, தங்கப் பூச்சு."

எனக்கு விளங்கிவிட்டது. பெண் பிள்ளை வளர்த்த வீட்டில் உடைந்த வளையலைக் கூட்டிப் பெருக்கியவளுக்கு அது விளங்காமல் போகுமா? வாய்க்குள்தான் சொன்னேன், "காப்பு."

திரைக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "என்ன நிறம் மிஸி?"

"பச்சை."

"நத்தாருக்கு வாங்கின. ஷாமினிட காப்பு. கழட்டாம அதோடயே படுத்தவ."

இளம் டொக்டர் தையல் நூலை எடுக்கக் கை நீட்டினார். சேர் அவர் கையைத் தடுத்தார். வெறுமையான அந்தக் குழிக்குள் விளக்கைத் திருப்பச் சொன்னார். விரித்துக் கிடந்த விரலின் தசைநாரை மெல்ல இழுத்துப் பார்த்தார். தோல் தழும்புக்கு நேரே அது வழவழவென்று இருந்தது. விரல் நுனிப் பக்கமாக, தள்ளி, ஒரு பழைய வடு. கண்ணாடி முதலில் குத்திய இடம்.

பிறகு அவளுடைய விரலை மடக்கத் தொடங்கினார். வடு உள்ளங்கையை நோக்கி ஊர்ந்தது. பாதி மடக்கும்போது பாதி வழி வந்தது. விரல் நுனி உள்ளங்கையைத் தொட்டு அமர்ந்தபோதுதான் அது தோல் தழும்புக்கு நேர் கீழே வந்து நின்றது. சேர் விரலை விரித்து, மறுபடி மடக்கிப் பார்த்தார். முகமூடிக்கு மேலால் என்னைப் பார்த்தார். புடவைக்கடைப் பையனின் கை என் நினைவுக்கு வந்தது.

அவர் திரையைத் தாழ்த்தச் சொன்னார். அப்படி அவர் அதற்கு முன்னும் செய்ததில்லை, பின்னும் செய்ததில்லை.

"தங்கச்சி, நான் சொல்லுறதைக் கவனமாக் கேளுங்கோ. விரிச்ச கையில இது குத்தியிருந்தா உள்காயமும் வெளிக்காயமும் நேருக்கு நேர் இருக்கும். இது அப்பிடி இல்லை. விரலை முழுக்க மடக்கினாத்தான் ரெண்டும் சேருது. இது உள்ள ஏறின நேரம் உங்கட கை இறுக்கிப் பொத்தியிருந்தது. பிள்ளையின்ர கையில காப்பு நொறுங்கி, உங்கட சதைக்குள்ள ஏறி, தசைநாரைக் குத்தின பிறகும் பொத்தியிருந்தது. கையை விட்டதெண்டு ஆர் சொன்னது உங்களுக்கு?"

ஜெசிந்தா கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். கண்ணீர் இரு பக்கமும் காதுக்குள் வழிந்தது. "நான் விடல்லயா?" என்று கேட்டாள். சேரிடம் அல்ல, என்னிடம்.

"நீ விடல்ல புள்ள. கடல்தான் பறிச்ச."

நானும் அழுதேன். முகமூடி இருந்தது நல்லதாய்ப் போயிற்று. காற்றுப் பட்டையின் நேரத்தை அன்று இளம் டொக்டர்தான் பார்த்துச் சொன்னார்.

கட்டியின் தோலைப் பரிசோதனைக்கு அனுப்பினோம். வெறும் கட்டிதான், கெட்டது ஒன்றும் இல்லை என்று முடிவு வந்தது. கண்ணாடி எந்தப் பொலிசுக்கும் சொல்ல வேண்டிய பொருள் அல்ல. அதை அவித்து, ஊசிமருந்துச் சீசா ஒன்றில் பஞ்சு வைத்து, அவளிடம் கொடுக்கச் சொன்னார் சேர். மாமியாரிடம் போய்ச் சொல்லட்டுமா என்று நான் கேட்டேன். வேண்டாம் மிஸி, எனக்குத் தெரிஞ்சாப் போதும் என்றாள். எனக்கு அது போதவில்லை. கல்குடாவுக்குப் பஸ் ஏறிப் போய் அந்த மனுசியைக் கேட்க வேண்டும் என்று நெடுநாள் துடித்தது.

தர்சினிக்கு ஒன்று சொல்ல வேண்டும். பெட்டி வந்தது நல்லதே. அது அன்றைக்கு இருந்திருந்தால், கண்ணாடி என்று முதலே தெரிந்து அந்தப் பிள்ளை பொலிசுக்குப் பயந்திருக்க மாட்டாள். நாங்களும் ஷெல், முள் என்ற இரண்டுக்குள் சுற்றிக்கொண்டிருந்திருக்க மாட்டோம். ஆனால் திரையில் கண்ணாடியைக் கண்டதும் கேள்வியை நிறுத்திவிடாதே தங்கச்சி. கை பொத்தியிருந்ததா, விரித்திருந்ததா என்று அதற்குப் பிறகும் கேட்க ஆள் வேண்டும்.

போர் முடிந்து, வலையிறவுப் பாலத்தால் சனம் தன்பாட்டில் போய்வரத் தொடங்கிய காலத்தில் ஜெசிந்தா தாயோடு வவுணதீவுக்குத் திரும்பினாள். போக முன்னம் எனக்கு ஒரு பாய் கொண்டுவந்து தந்தாள். ஓரம் பச்சைச் சாயம். அதில்தான் இன்றும் மத்தியானத்தில் சரிகிறேன். என்றாலும் அவளை நினைத்தால் முதலில் வருவது தையல் வெட்டிய நாள்தான்.

அந்த விரலை அன்றிலிருந்து மடக்கிப் பழக வேண்டும், இல்லாவிட்டால் உள்ளே ஒட்டிக்கொள்ளும் என்று சேர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். துணிச்சுருள் ஒன்றைக் கொடுத்தேன். அரைமனதாகப் பிடித்தாள். அதை வாங்கி வைத்துவிட்டு என் இரண்டு விரல்களை அவளுடைய உள்ளங்கையில் வைத்தேன்.

"பொத்துகா."

அந்தக் கையை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. மோதிர விரல் சிக்கவில்லை, கடைசிவரை வந்தது. இறுக்கினாள். இன்னும் இறுக்கினாள். என் மோதிரம் சதையில் அழுந்தியது.

"போதும் புள்ள, நோகுது, விடு" என்றேன்.

ஜெசிந்தா சிரித்தாள். சுனாமிக்குப் பிறகு அவள் சிரிப்பது இன்றைக்குத்தான் என்று பின்னால் நின்ற தாய் சொன்னாள்.

"விடமாட்டன் மிஸி" என்றாள் ஜெசிந்தா.